கொல்லத்து ஆட்டத்தைத் தம்பானூரில் சொன்னவர்

மரப்படியில் ஒருவர் இறங்கி வருகிறார். சலவை ஜிப்பா, தோளில் மடித்துப் போட்ட நேரியல். அவர் கால் வைக்கும் ஒவ்வொரு படியும் கிறீச்சிடுகிறது. அந்தச் சின்னச் சத்தம் வெளி முழுக்கக் கேட்கிறது. ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை ஜனமும் பேச்சை நிறுத்திவிட்டது.

தம்பானூர் ரயிலடிக்கு எதிரே, குளத்தை நிரப்பி எடுத்த வெளி அது. ஓரத்தில் ஒரு இரண்டு மாடி லாட்ஜ். அதன் மேல்வராந்தாவில் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, கொல்லத்தில் அந்த நிமிஷம் நடந்துகொண்டிருந்த கால்பந்து ஆட்டத்தை ஒலிபெருக்கியில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் கீழே வருகிறார். கூட்டத்துக்குள் யாரையோ தேடுகிறார். ஜனங்கள் கால்களை மடக்கி வழி விடுகிறார்கள்.

அவர் தேடி வந்தது என்னை.

ஏன் வந்தார் என்று சொல்வதற்கு முன்னால் அவர் யார் என்று சொல்லியாக வேண்டும். இந்தத் தொடரில் இதுவரை என் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் என் மாமியாரைப் பற்றியுமே எழுதி வந்திருக்கிறேன். இந்த வாரம் முழுவதும் குற்றாலம் அண்ணாச்சிக்கு.

கடை வாசலில் ஒரு பைத்தியம்

குற்றாலம் பிள்ளைக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. அன்று அதுவும் திருவிதாங்கூர்தான். வாலிப வயதில் கொழும்புக்குப் போய் ஒரு கிராமபோன் கடையில் வேலைக்கு நின்றார். கடை முதலாளியிடம் துணி அலமாரி அளவுக்கு ஒரு ரேடியோ பெட்டி இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரர், கடல் தாண்டி எங்கோ நடந்த கால்பந்து ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பிள்ளைக்கு இங்கிலீஷ் அரைகுறை. கால்பந்து அதைவிடவும் குறை. ஆனாலும் கடையைச் சாத்த மறந்து நின்றுவிட்டார்.

"ஒருத்தன் வாயால சொல்லுதான். நான் கொழும்புல நின்னுக்கிட்டு அங்க உள்ள புல்லைப் பாக்கேன்" என்று எங்களிடம் சொல்வார். "இது எப்படி நடக்கு, இது எப்படி நடக்குன்னு அன்னைக்கு முழுக்க எனக்கு வேற நினைப்பே இல்ல."

ஊர் திரும்பியதும் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மின்சாரச் சாமான் கடை போட்டார். நகரத்துக்கு மின்சாரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பல்ப், விசிறி, ஒயர் எல்லாம் விற்பார். கல்யாணத்துக்கும் கோவில் திருவிழாவுக்கும் எங்கள் கிறிஸ்தவ சபைக் கன்வென்ஷன் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவார். பெரிய ஊமத்தம்பூ மாதிரி அந்தக் குழாய் கடை வாசலில் தொங்கும்.

வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் அவர் ஒரு வேலை செய்வார். வாசலில் நின்று, ஒயர் மாட்டாத மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருவைச் சொல்லுவார்.

"வண்டி ஒண்ணு கிழக்க இருந்து வருது. வாழைத்தார் ஏத்தியிருக்கு. இடப்பக்கத்து மாடு நொண்டுது. எதிர்ல குடை பிடிச்சு ஒரு வக்கீல். மாடு ஒதுங்கல. வக்கீல் ஒதுங்கிட்டாரு."

கடைத்தெருவில் பாதிப் பேர் அவருக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். மீதிப் பேர் நின்று கேட்டார்கள்.

ஓலை வேலிக்கு வெளியே

அந்த நாட்களில் பெரிய ஆட்டம் நடக்கும்போது மைதானத்தைச் சுற்றிக் கிடுகு வேலி கட்டி மறைத்துவிடுவார்கள். டிக்கெட் எடுத்தவர்கள் உள்ளே. எடுக்க முடியாதவர்கள் வெளியே, மரத்திலும் மதிலிலும். வெளியே நிற்கிற கூட்டம்தான் எப்போதும் பெரிது.

பிள்ளை ஆட்டக் கமிட்டியிடம் போனார். தன் ஒலிபெருக்கியை இலவசமாக வைப்பதாகவும், உள்ளே நின்று தான் ஆட்டத்தைச் சொல்வதாகவும், குழாய் மட்டும் வேலிக்கு வெளியே பார்த்திருக்கும் என்றும் சொன்னார்.

கமிட்டிக்காரர்களுக்கு இது புரியவே இல்லை. "சும்மா நின்னு கேட்டா மதி, அதுவே போதும்னு வந்தா பின்னே டிக்கெட் ஆரு எடுப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

"கேட்டவன் பாக்காம இருக்க மாட்டான் சார். ஒரே ஒரு ஆட்டம் விட்டுப் பாருங்க" என்றார் பிள்ளை.

விட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கொடுக்கிற ஜன்னலை ஜனங்கள் நெருக்கி உடைத்துவிட்டார்கள்.

எனக்கு அப்போதுதான் கல்யாணமாகி நெய்யூரிலிருந்து வந்திருந்தேன். பாளையத்தில், மைதானத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. என் கணவர் சாலமன் தண்ணீர் வாரிய ஆபீஸில் கிளார்க். சாயங்காலங்களில் பந்து விளையாடப் போவார் என்று எனக்குத் தெரியும். முழங்கை சிராய்ந்து வருவார், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார், பேசாமல் சாப்பிடுவார். வீட்டில் கரப்பான் பறந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். அவ்வளவுதான் அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

பெண்கள் மைதானத்துக்குப் போகிற வழக்கமில்லை. ஒரு நாள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். காற்று எங்கள் பக்கம் அடித்தது. அந்தக் குழாயின் குரல் தென்னை மரங்களுக்கு மேலாக வந்தது.

"பந்து பள்ளிவாசல் பக்கம். அங்கேர்ந்து உள்ள வருது. மூணு பேரு வாரான். முன்னால கோலி சாலமன் மாத்திரம். சாலமன் நிக்கல, சாலமன் ஓடி வாரார், காலுக்குள்ள தலையை விட்டு விழுந்துட்டார். பந்து சாலமன் நெஞ்சில இருக்கு. எந்திரிச்சிட்டார். சட்டையெல்லாம் சேறு."

கோலி என்றால் கோல் காக்கிறவர். அதுகூட எனக்கு அன்றுதான் தெரியும். துணியைப் பிழியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று பேருக்கு எதிரே ஓடுகிற ஆளா என் வீட்டில் பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்?

அதற்குப் பிறகு ஆட்ட நாள் என்றால் கிணற்றடியில் எனக்கு நிறைய வேலை இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் இருந்தது.

அவர் சொல்லுகிற விதத்தைப் பற்றி நான் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். மலையாளமும் தமிழும் கலந்த, இந்த ஊர் ஜனங்கள் வாயில் இருக்கிற பேச்சுதான். பிரமாதம், அபாரம் என்று ஒரு வார்த்தை வராது. பந்து எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது. தரை நனைந்திருக்கிறதா, காற்று எப்படி. அவ்வளவுதான். ஆனால் கேட்கிறவளுக்குக் கண்ணுக்கு முன்னால் எல்லாம் ஓடும்.

கிள்ளியாறு லெவன்

பெரிய டீம்களெல்லாம் போலீஸ், காலேஜ், ஆபீஸ் என்று ஒரு கூரைக்குக் கீழே இருந்தன. அங்கே வேலையோ படிப்போ இல்லாதவனுக்கு எவ்வளவு நன்றாக ஆடினாலும் இடமில்லை. என் கணவர் ஆபீஸில் டீமே கிடையாது.

இப்படி வெளியே நின்றவர்களைப் பிள்ளை ஒவ்வொருவராகப் பொறுக்கினார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முத்தையா. கொழுந்து நிறுக்கிற வேலை. சனிக்கிழமை மலையிறங்கி லாரியில் தொற்றிக்கொண்டு வருவான். இடது ஓரத்தில் அவன் ஓடினால் பின்னால் போக ஆளில்லை. பூந்துறைக் கடற்கரையிலிருந்து லாரன்ஸ். விடியற்காலையில் வள்ளத்தில் போய்விட்டு வந்து சாயங்காலம் பின்வரிசையில் நிற்பான். அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். கோலுக்கு என் கணவர்.

கரமனைப் பக்கம் கிள்ளியாற்றங்கரை மணலில் பழகினார்கள். அதனால் கிள்ளியாறு லெவன் என்று பெயர். சட்டை, பந்து, ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு கிளாஸ் பாலும் நேந்திரம்பழமும் எல்லாம் பிள்ளை செலவு.

அவர் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பந்தை உதைத்ததில்லை. ஒரு நாள் பழகும்போது பந்து உருண்டு அவர் காலடிக்கு வந்ததாம். உதைப்பார் என்று எல்லோரும் பார்த்திருக்க, அவர் குனிந்து கையில் எடுத்து, நேரியலால் மண்ணைத் துடைத்து, முத்தையாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

அவருக்குக் குடும்பம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவார். சைவர்; எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டார், ஆனால் கருப்பட்டிக் காப்பி குடிப்பார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். என் கணவரைத் தரையில் சாக்கை விரித்து விழச் சொல்லுவார். இந்தப் பக்கம் விழுந்தால் எந்தக் கை முன்னால் போகிறது, பந்து கையில் படுகிற சத்தம் எப்படி, விழுந்த பிறகு முதலில் எதைப் பார்க்கிறீர் என்று கேட்பார். கேட்டதை முணுமுணுத்துக்கொண்டே போவார்.

ஊரறிய

சொந்த டீம் ஆடுகிற ஆட்டத்தையும் அவரே சொன்னார். அப்போது ஒரு நாளும் "நம்ம டீம்" என்று அவர் வாயில் வந்ததில்லை. கிள்ளியாறு என்பார். எதிர் டீமுக்கு என்ன குரலோ, அதே குரல்.

இதனால் எங்கள் வீட்டில் ஒரு சண்டையே வந்தது. ஒரு ஆட்டத்தில் சாதாரணமாக உருண்டு வந்த பந்து என் கணவர் கைக்கு அடியில் போய் கோலாகிவிட்டது. குழாயில் இப்படி வந்தது: "சாலமன் குனியப் பிந்திட்டார். பிடிக்கவேண்டிய பந்து. கோல்."

மறுநாள் ஆபீஸில் பியூன் முதல் சூப்ரண்டு வரை எல்லோரும் அதையே சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வந்தபோது என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்க மானம் போச்சு அண்ணாச்சி. ஊரறிய அதைச் சொல்லணுமா?"

பிள்ளை காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நீரு பிடிச்சப்பவும் ஊரறியத்தானவே சொன்னேன். இதை மறைச்சா, அதை எவன் நம்புவான்?"

என் கணவர் எழுந்துபோய்ச் சாக்கைக் கொண்டுவந்து விரித்தார்.

லாட்ஜ் மாடி

இனி அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

உலக யுத்தம் தொடங்கிவிட்ட வருஷங்கள். கொல்லத்தில் நடந்த பெரிய போட்டியில் கிள்ளியாறு லெவன் கடைசி ஆட்டம் வரை போய்விட்டது. எதிரே அந்த ஊர் மில் டீம். இங்கேயிருந்து எல்லோரும் கொல்லத்துக்கு ரயிலேற முடியுமா? கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் டெலிபோன் லைன் வந்திருந்தது. பிள்ளை ஒரு காரியம் செய்தார். கொல்லத்து மைதானத்தை ஒட்டிய ஒரு டாக்டர் வீட்டு மாடியில் டெலிபோன் இருந்தது. தன் கடை ஆள் வேலப்பனை அங்கே உட்கார வைத்தார். வேலப்பன் கண்ணால் பார்த்து போனில் சொல்ல வேண்டும்; தம்பானூர் லாட்ஜ் மாடியில் பிள்ளை அதைக் காதில் வாங்கி மைக்கில் சொல்ல வேண்டும். சொந்த டீம் ஆடுகிற கடைசி ஆட்டத்துக்குக்கூட அவர் போகவில்லை.

அன்று மாடியில் இன்னொருவரும் இருந்தார். சமஸ்தானத்துக்கு ரேடியோ நிலையம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அதற்கான அதிகாரி ஒருவர், பிள்ளை சொல்லுவது ரேடியோவுக்கு ஆகுமா என்று பார்க்க வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டாராம்: "பிள்ளே, ஒரு காரியம் ஓர்மை வேணும். ரேடியோல சத்தம் நிக்கவே கூடாது. நின்னா, செட்டு கேடாயிப்போச்சுன்னு ஆளு எழுந்து போயிடும்."

கொழும்பிலிருந்து திரும்பிய நாள் முதல் பிள்ளை எதற்காகக் காத்திருந்தாரோ, அது அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

வெளி நிரம்பி ரயிலடிச் சுவர் வரை ஜனம். முன்பக்கம் பெண்களுக்கென்று ஒரு இடம் விட்டிருந்தார்கள். நானும் என் நாத்தனார் ஞானமணியும் பாய் விரித்து உட்கார்ந்தோம். என் மூத்த மகள் அப்போது வயிற்றில் இருந்தாள்.

குழாயில் குரல் வந்தது. கொல்லத்தில் மழை விட்டிருக்கிறது, தரை வழுக்குகிறது என்றார். என் பக்கத்திலிருந்த ஒரு பெண் தன் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். எங்களுக்குக் காலடியில் காய்ந்த மண்.

மில் டீம் முதல் கோலைப் போட்டது. இடைவேளைக்குப் பிறகு முத்தையா ஓரமாகவே ஓடிப்போய் ஒன்று திருப்பினான். வெளி முழுக்க எழுந்து குதித்து உட்கார்ந்தது. பிறகு கொல்லத்துக்காரர்கள் நெருக்கத் தொடங்கினார்கள்.

"பந்து மில்லுகாரன்கிட்ட. நடுவுல வாரான். லாரன்ஸைத் தாண்டிட்டான். சாலமன் நிக்கல. சாலமன் ஓடி வாரார். விழுந்து பந்தைப் பிடிச்சி"

அதோடு குரல் நின்றது.

குழாயில் கரகரவென்று ஒரு இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு அதே குரல், மெதுவாக: "எல்லாரும் கொஞ்சம் இருங்க. ஒரு காரியம் இருக்கு. நான் வந்து சொல்லுதேன்."

மேலே என்ன நடந்தது என்பதை அந்த அதிகாரியே பிற்பாடு எங்களிடம் சொன்னார். பிள்ளை மைக்கைக் கீழே வைத்தார். டெலிபோனை அதிகாரியின் கையில் கொடுத்தார். "இதைக் காதுல வச்சுக்கிடுங்க சார். ஒண்ணும் பேசாண்டாம். கேட்டுக்கிட்டா மதி" என்றார். அதிகாரி திகைத்துப்போய் வாங்கிக்கொண்டார். பிள்ளை படியிறங்கிவிட்டார்.

அந்த மரப்படிச் சத்தத்தைத்தான் முதலில் எழுதினேன்.

முதலில் எனக்கு

அவர் என் பாய்க்கு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"தங்கச்சி, சாலமன் பந்தைப் பிடிச்சிட்டாரு. பிடிச்ச பிறகு ஒருத்தன் முழங்கால் தலையில பட்டிருக்கு. வேணும்னு செய்யல, வழுக்கிட்டான். சாலமன் எந்திரிக்கல. மூச்சு இருக்கு. அந்த வீட்டு டாக்டர் மைதானத்துக்குள்ள போயிட்டாரு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். தெரிஞ்சதுல ஒண்ணையும் மறைக்கல."

ஞானமணி அழத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

"இதை நான் மேல போய் எல்லாருக்கும் சொல்லணும்" என்றார். "நீ இங்க உக்காந்து குழாயில இதைக் கேக்கக் கூடாதுன்னுதான் வந்தேன். நீ வேண்டாம்னா சொல்லு. மைக்கை அணைச்சிடுதேன். ஆட்டம் இதோட நிக்கட்டும்."

மேலே அந்த அதிகாரி இருக்கிறார், இன்று பிள்ளைக்கு எப்படிப்பட்ட நாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் கணவர் போன வாரம் முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். அதை நான் அறிவேன் என்பது பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர் முகத்தில் அந்த யோசனையின் நிழல்கூட இல்லை. நான் என்ன சொல்கிறேனோ அதைச் செய்ய அந்த மனிதர் அங்கே குந்தியிருந்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கும் கேக்கணும்லா."

அவர் தலையசைத்தார். என் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்தார். எழுந்து போனார்.

அவர் வந்த வழி அப்படியே திறந்திருந்தது. அவ்வளவு நேரமும் ஒருவர்கூட இடம் மாறவில்லை. பின்னால் யாரோ எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார்கள். ரயிலடிப் போர்ட்டர் ஒருவர், "ஆரும் அனங்காண்டாம், இருங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னது கேட்டது. தண்டவாளத்தில் ஒரு இஞ்சின் நீராவி விட்டுக்கொண்டு நின்றது. சத்தம் நின்றால் ஜனம் எழுந்து போய்விடும் என்று அதிகாரி சொன்னாரே, அந்த ஜனம் இது. என்னைச் சுற்றி அத்தனை பேர் எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

மேலே போனதும் அதிகாரி போனைக் கொடுத்து, கேட்டதைச் சொல்லியிருக்கிறார். பிறகு குழாயில் குரல் வந்தது. எப்போதும் உள்ள குரல்தான்.

"கோலி சாலமனுக்குத் தலையில அடி. கதவுப் பலகையில வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. கிள்ளியாறு பத்துப் பேரா ஆடுது. லாரன்ஸ் கோல்ல நிக்கான். ஆட்டம் தொடங்கியாச்சு."

பத்துப் பேர் பதினோரு பேரை ரொம்ப நேரம் தடுத்தார்கள். முடிகிற தறுவாயில் ஒரு பந்து லாரன்ஸின் விரல் நுனியைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. "கோல். மில் டீம் ஜெயிச்சாச்சு. நல்லா ஆடினாங்க" என்றார் பிள்ளை.

ஆட்டம் முடிந்தது, தோற்றும் ஆயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம். வெற்றிலை பாக்குக்காரன்கூடக் கூவாமல் நின்றான். மேலே பிள்ளை போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வேலப்பன் சைக்கிளில் அனுப்பிய ஆள் திரும்பி வர வேண்டும். அவன் வேலப்பனிடம் சொல்ல வேண்டும். வேலப்பன் இங்கே சொல்ல வேண்டும்.

கடைசியில் குழாய் பேசியது.

"சாலமன் கண் திறந்துட்டாரு. தண்ணி கேட்டிருக்காரு."

அந்த வெளியிலிருந்து எழுந்த பெருமூச்சை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் நான் அழுதேன்.

அரை மணிக்குள் பிள்ளை ஒரு வாடகைக் கார் பிடித்து என்னையும் ஞானமணியையும் கொல்லத்துக்கு அனுப்பிவைத்தார்.

மைக்கா, டீமா

என் கணவர் பிழைத்தார். ஆனால் இடது காது கேட்காமல் போய்விட்டது. வேகமாகத் திரும்பினால் தலை சுற்றும். இனி மைதானத்தில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிள்ளைக்கும் ரேடியோவில் உடனே இடம் கிடைத்துவிடவில்லை. அந்த அதிகாரி அவரைத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னார். அவருக்கு மேலதிகாரிகள், படித்த ஆள் வேண்டும் என்றார்கள். நிலையம் தொடங்கியபோது வேறு ஒருவர் ஆட்டம் சொன்னார். அழகான பாஷை. முதல் வாக்கியம் முடிவதற்குள் பந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். சில ஆட்டங்கள் அப்படிப் போன பிறகு அதிகாரி நேராகச் சாலைக் கடைக்கு வந்தார். அன்று என் கணவரும் அங்கே இருந்தார்.

"அடுத்த ஆட்டத்துக்கு நீங்க வரணும்" என்றார் அதிகாரி.

"வாரேன் சார். ஆனா டீமை விட்டுட்டுத்தான் வருவேன்" என்றார் பிள்ளை.

"அதை ஆரும் கேக்கலையே."

"கேக்காண்டாம். கொல்லத்து ஆட்டத்துல அந்தக் கடைசி கோலைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கிச்சு. கீழ உள்ளவனுக்குத் தெரியல. எனக்குத் தெரியும். ரேடியோன்னா எங்கெல்லாமோ இருந்து கேப்பான். அவனுக்கு என் நடுக்கம் எதுக்கு?"

அந்த வாரமே டீமைக் கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "அப்போ நாங்க இனி யாரோட டீமு?" என்று முத்தையா கேட்டானாம். "கிள்ளியாறு. அது என் பேரு இல்லையேடே" என்றாராம் பிள்ளை. சட்டைகளும் பந்தும் இருந்த டிரங்குப் பெட்டிச் சாவியை என் கணவரிடம் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி ஆறிப்போய் ஆடை படிந்தது. தொடவில்லை.

"வருத்தமா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பிள்ளைங்களைக் கட்டிக்கொடுத்தவனுக்கு இப்படித்தான் இருக்கும் போல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கொழும்புல ஒருத்தன் சொல்லக் கேட்டேன்லா தங்கச்சி. அவன் எந்த டீமு ஆளுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அப்படி இருக்கணும்" என்றார்.

பூங்காவில்

அவர் ரேடியோவில் முதலாவதாகச் சொன்ன ஆட்டம் கிள்ளியாறு லெவனுடையதாகவே அமைந்துவிட்டது. மைதானம் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். ஆனாலும் கூட்டத்துக்குள் போனால் தலை சுற்றும் என்று என் கணவர் போகவில்லை. நகராட்சிப் பூங்காவில் பொது ஜனத்துக்காக ஒரு ரேடியோ வைத்திருந்தார்கள். அங்கே போனோம். மகள் என் மடியில். இவர் வலது காதைப் பெட்டிப் பக்கம் திருப்பி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அங்கே உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அண்ணாச்சி ஆட்டம் சொல்லி இவர் ஒரு நாளும் கேட்டதில்லை. குழாய் எப்போதும் வேலிக்கு வெளியே பார்த்தது. இவர் உள்ளே நின்றார்.

குரல் வந்தது. கொஞ்சம் மெல்லியதாக, பெட்டிக்குள்ளிருந்து வருகிற குரலாக இருந்தது. ஆனால் சொல்லுகிற விதம் அதேதான். தரை காய்ந்திருக்கிறது, காற்று கிழக்கிலிருந்து என்றார். கிள்ளியாறு இந்தப் பக்கம், எதிரிகள் அந்தப் பக்கம். எந்தப் பக்கத்துக்கும் ஒரு நூல் சாயவில்லை.

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு வேகமாவதைப் பக்கத்திலிருந்து என்னால் உணர முடிந்தது. முழங்கால் தானாக அசைந்தது.

"வலத்து ஓரத்தில இருந்து பந்து உயர வருது. காற்று உள்ள தள்ளுது. கோல்ல புதுப் பையன். முன்னால ரெண்டு பேரு குதிக்கான்."

என் கணவரின் இரண்டு கைகளும் மடியிலிருந்து எழுந்தன. பெஞ்சிலிருந்து அவரும் எழுந்துவிட்டார். தலைக்கு மேலே விரல்களை விரித்து, ஒன்றுமில்லாத அந்தச் சாயங்கால வெளிச்சத்தில், ஒரு பந்தைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"பிடிச்சிட்டான்" என்றது பெட்டி.

பூங்காவில் ஒருவரும் சிரிக்கவில்லை. இவர் மெல்ல உட்கார்ந்தார். கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

"பையன் ஒரு அடி முன்னால வந்துட்டான்" என்று என்னிடம் சொன்னார். "அடுத்த தடவை பின்னால நிக்கச் சொல்லணும்."